மறுபடியும் முதல் வரி

"எட்டு மாசம் ஆச்சு, சார். நாலே நாலு வரிப் பாட்டு. இன்னும் ரெண்டாவது வரியைத் தாண்டலை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

பாட்டு வாத்தியார் கீபோர்டைத் துடைத்துப் பையில் வைத்தார்.

காப்பாளர் அம்மாவுக்கு அந்த நிதானம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பெற்றோர் இல்லாத இருபத்திரண்டு பிள்ளைகள் வளரும் இல்லம் அது. சோறு, துணி, பள்ளிக்கூடம், பேன், காய்ச்சல் எல்லாம் அவர் தலையில்தான். இதில் பாட்டுப் பஞ்சாயத்து வேறு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். மனிதர் வாரநாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சனிக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, கைம்மாறு எதுவும் கேட்காமல் சொல்லிக்கொடுக்கிறார். அதற்காக எத்தனை மாதம்தான் பல்லைப் பார்க்காமல் இருப்பது?

"நம்ம இல்லத்துத் தலைவர் இப்பத்தான் உக்காந்து கேட்டுட்டுப் போறார். முதல் வரிக்கே ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குதுங்க. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. ஒரு நடனப் பள்ளிக்காரங்க இதே நேரத்தைக் கேக்கறாங்களாம். மூணே மாசத்துல மேடை ஏத்திக் காட்டறாங்களாம். முடிவை என்கிட்ட விட்டுட்டார்."

"பிள்ளைங்க மேல தப்பில்லை, மேடம். எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியலை."

"அப்படிச் சொல்ல வரலை..."

"நிஜமாத்தான். ரெண்டு வாரம் நல்லா வரும். மூணாவது வாரம் வந்து பார்த்தா, முதல் வரியே மறந்து முழிப்பாங்க. குட்டிக்கரணம் போட்டுப் பார்த்துட்டேன். லிஃப்ட்டுன்னா எந்த ஒயர் விட்டிருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேன். இது எனக்குப் பிடிபடவே இல்லை."

"அப்போ நிறுத்திக்கலாமா?"

"நிறுத்திக்கலாம்." சட்டென்று சொல்லிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பறேன்."

பிள்ளைகள் பின்கட்டுக் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கதவருகே போனதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பாட்டு கேட்டது. நாலு வரியும், ஒரு பிசிறு இல்லாமல். மூன்றாவது வரியில் பெரியவர்கள் ஒரு பக்கமும் சின்னவர்கள் ஒரு பக்கமுமாகக் குரல் பிரிந்து போய், நாலாவதில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"மூணாவது வரி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்றார் வாத்தியார். "கிளம்பும்போது முழுசா ஒரு தடவை வாசிச்சுப் பாடிக் காட்டுவேன், அவ்வளவுதான்."

காப்பாளர் அம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதவைத் தள்ளினார்.

"என்ன கொழுப்பு உங்களுக்கு! எட்டு மாசமா ஒரு மனுஷரை முட்டாளாக்கியிருக்கீங்க. தனக்குச் சொல்லிக்குடுக்கவே தெரியலைன்னு அவர் கண் கலங்கிக் கிளம்பறார். இதுல என்ன விளையாட்டு?"

தட்டுச் சத்தம் நின்றது. எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வயசுக்காரி. எல்லோரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர்.

மேஸ்திரி முதலில் உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்த ஆறு வயசுக் குழந்தை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே வாயைத் திறந்தாள்.

"புதுசா ஒருத்தர் வந்தா, நாங்க எல்லாரும் பாட்டை மறந்துடணும்மா. அது எங்க ரூல்."

"எதுக்கு?"

"அவங்களுக்கு இங்க ஒண்ணுமே தெரியாது. எது தன் படுக்கை, எது தன் தட்டு, யார் பேரு என்ன, எதுவும் தெரியாது. எங்களுக்கு எல்லாம் தெரியும். அதைப் பார்த்தாலே அவங்களுக்கு அழுகை வரும். பாட்டு கிளாஸ்ல மட்டும் யாருக்கும் ஒண்ணும் தெரியலைன்னா, கூடச் சேர்ந்து தப்புத் தப்பாப் பாடுவாங்க. சிரிச்சுடுவாங்க."

"அதை சார்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, சார் அவங்களை மட்டும் தனியா உக்கார வெச்சுச் சொல்லிக்குடுப்பாரு. தனியா உக்கார வெச்சா மறுபடியும் அழுவாங்கம்மா."

பின்னால் ஒரு சின்னக் குரல், "நான் வந்தப்போ அக்கா 'லா லா'ன்னுகூடப் பாடத் தெரியாத மாதிரி நடிச்சாங்க" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

இந்த எட்டு மாதத்தில் பதினொரு குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டவர் காப்பாளர் அம்மாதான். பெயர் எழுதி, பாயும் தட்டும் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வருவீங்கல்ல, சார்? தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"வராம? முதல் வரியிலேர்ந்து ஆரம்பிக்கணுமே."

சொல்லிவிட்டு, வாத்தியார் ஈரப் படியென்றும் பார்க்காமல் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"சரி, மேஸ்திரி. எனக்கு ஒரே ஒரு ஆசை. இந்தப் பாட்டை கிளாஸ்ல என் முன்னாடி எப்போதான் முழுசாப் பாடுவீங்க?"

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரே ஒரு மாசம் புதுசா யாரும் இங்க வராம இருக்கட்டும் சார், பாடிடறோம்."