டூப்பின் கடைசி ஷாட்

கத்தி முனையில் விரலை வைத்து அழுத்தினாள் காஸ்ட்யூம் அக்கா. ஸ்பிரிங் கத்தி என்றால் தகடு பிடிக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. விரலில் ரத்தம் துளிர்த்தது.

அது டூப்பின் இடுப்புவாரில் தொங்கிய கத்தி. வாரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான் அவன்.

இரண்டு மாதமாக 'இரும்புப் பருந்து' தொடரில் பருந்தாகப் பறந்தவன் அவன்தான். ஹீரோ கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்க, முகமூடிக்குள் ஆள் மாறியது ஒரு ரசிகனுக்கும் தெரியவில்லை. "இப்பதான் சண்டை நல்லாருக்கு" என்று பாராட்டு வேறு குவிந்தது. போன வாரம் ஹீரோ திரும்பி வந்துவிட்டார். டூப்புக்கு மிஞ்சியது, பருந்தின் உருவத்திலேயே வரும் கெட்டவன் வேஷம்.

"என்னப்பா, காலைலேருந்து பேச்சையே காணோம்?"

"இன்னையோட எல்லாம் முடிஞ்சிடும்க்கா" என்றான், திரும்பாமலே.

அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வெளியே சொன்னால் போலீஸ் வரும், இவனோ கைக்குழந்தைக்காரன். சொல்லாமல் விட்டால் ஹீரோ உயிரோடு வீடு போக மாட்டார்.

உடையோடு வரும் எதிலும் இரண்டு வைத்திருப்பது அவள் பழக்கம். பெட்டியைத் திறந்து இன்னொரு ஸ்பிரிங் கத்தியை எடுத்தாள். இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு உறையில் செருகினாள். நிஜக் கத்தியைத் துணியில் சுற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வாப்பா, வாரைக் கட்டிவிடறேன்." என்று கூப்பிட்டாள்.

செட்டில் டைரக்டர் காட்சியை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் மொட்டை மாடிலேருந்து குதிக்கிறதா இருந்துச்சு. சாருக்குக் கால் இன்னும் சரியாகலை. அதனால அவரே காலைல சீனை மாத்திட்டார். போலிப் பருந்து கத்தியை உருவறான், சார் அதைப் பிடுங்கி அவனைக் குத்திடறார். சட்டைக்குள்ள ரத்தப் பை இருக்கு, நெஞ்சுக்கு நேரா குத்துங்க சார்."

ஹீரோ தலையாட்டினார். டூப் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா மட்டும் கவனித்தாள்.

"ஆக்‌ஷன்!"

ஒரே உடை, ஒரே முகமூடி. இருவரும் கட்டிப் புரண்டதில் எது நல்ல பருந்து, எது கெட்ட பருந்து என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. டூப் கத்தியை உருவினான். ஹீரோ அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினார். ஒரே குத்து, பிடி வரைக்கும் இறங்கியது. சட்டையெல்லாம் சிவப்பாகப் பரவ, டூப் மல்லாந்து விழுந்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நல்லவேளை, ஹீரோ தப்பித்தார்.

டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் ஹீரோ முகமூடியைப் பிய்த்தெறிந்தார். கத்தி கீழே விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"ஐயோ! இது நிஜக் கத்தி! எவனோ மாத்தி வச்சிருக்கான்! என் கையாலயே அவனைக் கொன்னுட்டேனே!"

அக்கா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்தி மாறியிருந்த விஷயத்தை அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தரையில் கிடந்தவன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

"கட் சொல்லிட்டீங்களா சார்?"