மார்சிலிங்கில் அருந்ததி

“இன்னும் கொஞ்சம் மேல. அக்கரையில அந்தச் சிவப்பு விளக்கு இருக்கில்ல, அதுக்கு நேர் மேல.”

சுபாங்கி சொல்லச் சொல்ல, சஞ்சீவன் பைனாகுலரை மெல்ல உயர்த்தினான்.

சிங்கப்பூரின் வடகோடி மார்சிலிங்கில், பலமாடி கார் பார்க்கின் உச்சித் தளம். பெய்து ஓய்ந்த மழை வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. ஈரத் தரையில் அக்கரை ஜோகூரின் விளக்குகள் கரைந்து மிதந்தன. நிற்பது கட்டடத்திலா, படகிலா என்று அவளுக்கு ஒரு கணம் குழம்பியது.

சமூக மன்றத்தில் வானம் பார்க்கும் வகுப்பு ஒன்று நடந்தது. அதில்தான் அவள் முதலில் வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பில் மின்னும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்தாள். பிறகு தேளின் வளைந்த வால். பிறகு தெற்கே சிலுவை. ஒவ்வொன்றும் பிடிபட்ட இரவில் தூக்கம் வராமல், கூரையில் விரலால் வரைந்துகொண்டு படுத்திருப்பாள்.

அவள் சேர்ந்தது என்னவோ ஒரே ஒரு நட்சத்திரத்துக்காகத்தான்.

“ஏழு நட்சத்திரம், கவிழ்த்துவச்ச அகப்பை மாதிரி. காம்புல நடுவுல இருக்கறது வசிட்டர். அவரை ஒட்டிப் பாரு, சின்னதா.”

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

லிட்டில் இந்தியா கோயிலில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தபோது, ஐயர் இருவரையும் வாசலுக்கு அழைத்துவந்து உச்சி வெயிலில் வானத்தைக் காட்டினார். அருந்ததி தெரிகிறாளா என்று கேட்டார். கண் கூசியதுதான் மிச்சம். ஆனாலும் தெரிகிறது என்றாள் சுபாங்கி. அவனும் அதையே சொன்னான்.

“அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல,” என்றாள் இப்போது.

சஞ்சீவன் பைனாகுலரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான்.

“நீ நிஜமாவே பார்த்துட்டேன்னு நினைச்சேன் லா. எனக்குத்தான் தெரியலைன்னு இத்தனை வருஷம்...”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுபடி பைனாகுலரை உயர்த்தினான். அவன் முழங்கை ஆடாமல் அவள் தாங்கிப் பிடித்தாள்.

“இருக்கு,” என்றான், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல். “சுபா, இருக்கு.”

இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேகம் வந்து மூடும்வரை பார்த்தார்கள்.

மின்தூக்கியில் இறங்கி வெளியே வந்தபோது, எதிர் அடுக்குமாடி புளோக்கில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் விளக்கெரிந்தது. வாங்கியவர்கள் அதற்குள் குடிவந்துவிட்டார்கள். காலையில் சாவியைக் கைமாற்றிய பிறகுதான், ராத்திரி ஒரு தடவை கார் பார்க்கின் மேலே வர முடியுமா என்று அவனிடம் கேட்டிருந்தாள். விவாகரத்துக்குப் பின் மிச்சமிருந்தது அந்த வீடு ஒன்றுதான். இனி அவள் ஈசூனில் அக்காவோடு. அவன் ஜாலான் புசாரில் ஒரு வாடகை அறையில்.

ஈசூன் பஸ் முதலில் வந்தது.

“வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு,” என்றான் சஞ்சீவன், பழக்கத்தில்.

தலையாட்டிவிட்டு ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்து, ‘வந்துட்டேன்’ என்று அடித்து, அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

பஸ் இன்னும் மார்சிலிங்கைத் தாண்டவில்லை.