கண்ணனின் எடை

"பொய் சொல்லாதீங்க மாமி. தயிர்சாதம் தின்னு எந்த நாயும் ஒரே மாசத்துல ரெண்டரைக் கிலோ ஏறாது."

கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றிருந்த அஸ்வினி, கீழே இறங்கி அதைத் தரையில் விட்டாள். அலங்காநல்லூர் சாலையிலுள்ள நாய்கள் காப்பகத்தில் அவளுக்கு வேலை. தத்துக் கொடுத்த நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கோச்சடை வரை வந்திருந்தாள்.

"நான் ஏம்மா பொய் சொல்லப்போறேன்?" என்றாள் சோபாவில் அமர்ந்திருந்த ஸ்யாமளா. "எல்லாம் பழக்கறதுல இருக்கு. தட்டுல எது இருந்தாலும், 'சாப்பிடுடா கண்ணா'ன்னு நான் சொல்ற வரைக்கும் வாய் வைக்க மாட்டான்."

காப்பகத்தில் அதன் பெயர் கருப்பு. பிருந்தா கேட்டது குட்டி நாய். துள்ளி வந்த குட்டிகளையெல்லாம் கடந்துபோய், மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்த இந்தக் காது கிழிந்த நாயைத் தேர்ந்தெடுத்தவள் அவளுடைய அம்மா ஸ்யாமளாதான். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தாள்: வீட்டுக்குள் முட்டை வாசனைகூட வரக் கூடாது.

"எங்ககிட்ட இருந்தப்ப தயிர்சாதத்தை மோந்துகூடப் பாக்காது. இங்க வந்ததும் மாறிருச்சாக்கும்?" அஸ்வினியின் குரல் இறுகியது. "நேராவே கேக்குறேன். வெளிய அவுத்து விடுறீங்களா? கறிக்கடைக் கழிவைத் தின்னாத்தான் இம்புட்டு எடை ஏறும். ரோட்டுல அடிபட்டு வந்த நாய் மாமி இது. தெருவுல விடுறது உறுதியாச்சுன்னா இன்னைக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பிருந்தா கலங்கிப்போய் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்கதானே? தினம் பேக்கரிக்கு இவனைக் கூட்டிண்டு போறேளே. முட்டை பப்ஸ் வாங்கிக் குடுத்தேளா?"

"நானா?" வெங்கட்ரமணன் பதறினார். "எனக்கே அங்க டீக்கு மேல உங்கம்மா அனுமதி இல்லை! நீதான் சிநேகிதி ஆத்துலேர்ந்து எதையாவது கடத்திண்டு வந்திருப்பே."

"சத்தியமா இல்லைப்பா!"

"போதும், நிறுத்துங்கோ. நம்மாத்துல யாரும் அப்படிப் பண்ணமாட்டா." ஸ்யாமளா அருகிலிருந்த பூக்கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து நீட்டினாள். "இந்தாம்மா, தலைல வெச்சுக்கோ. மாடித் தொட்டியில பூத்தது. இந்த மாசம் என்னமோ கொத்துக் கொத்தாப் பூக்கறது."

அஸ்வினி ரோஜாவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது ஓர் அவித்த முட்டை.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமி. தெருவுல தின்னு பழகுன நாய், இதைக் கண்டா கவ்விக்கிட்டு ஒரு மூலைக்கு ஓடும். ஓட்டோட முழுங்கிரும். இவன் அப்படிச் செஞ்சான்னா, என்கூட வந்துற வேண்டியதுதான்."

ஸ்யாமளா ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவரையும் மகளையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அஸ்வினி முட்டையைத் தரையில் வைத்தாள். நாய் அதை முகர்ந்தது. சட்டென்று கவ்வியது. பிருந்தா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஓடு சிறிதும் நொறுங்காதபடி முட்டையைப் பல்லிடுக்கில் ஏந்திய கண்ணன், மூலைக்கு ஓடவில்லை. நேரே நடந்து சென்று அதை ஸ்யாமளாவின் மடியில் மெல்ல வைத்தது. பிறகு அவளுக்கு எதிரே அமர்ந்து, வழக்கம்போல் அவள் ஓட்டை உரித்து 'சாப்பிடுடா கண்ணா' என்று சொல்லும்வரை காத்திருந்தது.