கடைசி ஓர் இடம்

காலையிலிருந்தே அமிர்தலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். இருபது நாளாகக் கோட்டுச்சேரி முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது.

"செத்த உட்காருங்க. வோட்டு எண்ணி முடிச்சா சேதி தானா வருது" என்றாள் கனகம், மீன் நறுக்கிக்கொண்டே.

"எப்படி உட்கார்றது? இந்த ஒரு இடம் கிடைச்சாத்தான் நம்ம கூட்டணி திரும்ப ஆட்சிக்கு வரும். புதுச்சேரியே நம்மளப் பார்த்துக்கிட்டு இருக்கு!"

"ஜெயிச்சா மாசத்துல பாதி நாள் அங்கதான் இருக்கணுமாமே. நம்ம ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்ததே இல்லையே."

"அதைப் பார்த்தா முடியுமா? நம்ம குப்பத்துக்கு ரோடு வேணுமா, வேண்டாமா?"

அப்போது தெருமுனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. கட்சிக்காரர் காஜா மைதீன் ரோஜா மாலையோடு ஓடிவந்தார். பின்னால் பெரிய கூட்டம்.

"அண்ணே, ஜெயிச்சாச்சு! மறுபடியும் நம்ம ஆட்சிதான்!"

அமிர்தலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாலையைப் போடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

"நான் எப்படிப் போடுறது?" என்று சிரித்தபடி காஜா மைதீன் மாலையை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்கண்ணே."

அமிர்தலிங்கம் நேராக அடுப்படிக்குப் போனார். மீன் செதில் ஒட்டிய கையோடு எழுந்து நின்ற மனைவிக்கு, கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது முறையாக மாலை போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்:

"எங்கள் எம்.எல்.ஏ. கனகம் அம்மாள் வாழ்க!"