கேட் வரைக்கும்

டிக். டிக். டிக்.

அவள் தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

அவனுடைய பழைய பிக்கப் தெருமுனை திரும்பியது. சத்தம் நெருங்கியது. டிக் டிக் டிக். வாசலில் இன்ஜின் அணைந்தது.

காலை ஒன்பதரை.

கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறாள். ஏதோ உடையப் போகிறது என்று நினைத்தாள். அவன் சிரித்தான்.

“கெழவி அது. எந்திரிச்சதும் நாலு இருமு இருமும். ஒடம்பு சூடானா நின்னுரும்.”

பானெட்டைத் திறந்து காட்டினான். சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். வண்டி குளிர்ந்து கிடந்தால் புகை அதன் வழியே தட்டும். ஓடிச் சூடேறினால் இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்ளும்.

மற்றதையும் சொல்லிக்கொடுத்தான். மழையில் பெல்ட் கீச்சிடும். இரண்டாவது கியரில் உறுமும். பழைய வண்டி, எல்லாம் அதன் இயல்பு.

அவளிடம் அவ்வளவு பொறுமையாக அவன் வேறு எதையும் பேசியதில்லை.

ஏழு வருஷம். விடியுமுன் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். ரயில்வே கேட் தாண்டும்போது இருமல் நிற்கும். கூடப் போனபோதெல்லாம் கவனித்திருக்கிறாள். கேட் வரைக்கும்தான்.

திரும்பும்போது இருமாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். ஒருநாளும் இருமியதில்லை.

இன்று இருமியது.

“பசிக்குது. சோத்தப் போடு,” என்று உள்ளே வந்தான். “தக்காளி எறக்க ஒரு பய வரல. நானே எறக்கிட்டு வாரேன்.”

“வழியில எங்கயும் நின்னீங்களா?”

“எங்க நிக்க? ஒரு டீ குடிக்கல. நேரா வாரேன்.”

அவன் கொல்லைக்குக் குளிக்கப் போனான்.

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்து நிற்கும் வண்டியின் பானெட்டில் ஈரத்துணி விரிப்பாள். அவன் குளித்துத் தின்று முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

இன்றும், துவைத்துவைத்த அவனுடைய துண்டைப் பிழிந்து விரித்தாள். அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

மார்க்கெட்டிலிருந்து வந்த வண்டியில் கை வைக்க முடியாது.

கையை எடுக்காமல் நின்றாள். ஆறிப்போன டீயின் சூடு.

எங்கோ நின்று, குளிர்ந்து, மறுபடி கிளம்பியிருக்கிறது. கேட்டுக்கு அப்பாலிருந்து கிளம்பியிருந்தால் வரும் வழியிலேயே இருமல் நின்றிருக்கும்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் அவன் போகக்கூடிய வீடுகளை எண்ணினாள்.

ஒன்றுதான்.

ரெஜினா, இவளோடு கம்பெனியில் தைத்தவள். ஆவணியில் வீடு மாறினாள். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் இந்த பிக்கப்பில்தான் போயின.

“பாவம், ஒத்தப் பொம்பள. கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.”

இவள்தான் சொன்னாள்.

ரெஜினா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி இருமியதும் பதறிக் கதவைப் பிடித்தாள். அவன் சிரித்தான். கெழவி அது, என்று ஆரம்பித்தான்.

வாசலில் நின்று இவள் கேட்டாள். அதே சொற்கள். அதே வரிசை. அதே பொறுமை.

அன்றைக்கு வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, தெருமுனையில் மறைந்த பிறகும் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சோறு போட்டாள்.

பசிக்குது என்றவன் நாலு வாய் தின்றான். தட்டை நகர்த்தினான்.

“வண்டி இருமுச்சு,” என்றாள்.

“எப்ப?”

“இப்ப. உள்ள வரும்போது.”

அவன் வாசலைப் பார்த்தான். பானெட்டின் மேல் துண்டு விரிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கே அத வெல்டிங் வச்சிரணும்,” என்றான்.

ஏழு வருஷத்தில் இதை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவள் எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்தாள். நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டியது. கை துடைக்க அதையே அவனிடம் நீட்டினாள்.

“வெல்டிங் வேணாங்க. கெழவி இருமட்டும்.”