பத்து லிட்டர் வாளி

கார் கழுவும் கொட்டகையில், கெட்டியான கிளீனர் நிரம்பிய கேனுக்கு ஒரு மூடி இருந்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி கிளீனர் என்பது அளவு. அந்த அளவில் மூடி ஒரு சொட்டுகூடப் பிசகியதில்லை. அப்படியும் அன்றைக்குக் கழுவிய கறுப்புக் கார் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது.

“மூடி கண்ணை மூடிக்கிட்டு ஊத்தியிருக்கு. அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா அது குப்பைக்குத்தான்” என்றது கிளீனரைத் தண்ணீரில் கலக்கும் வாளி.

மூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன் இடுப்புல விரிசல். அதுக்கு மேல தண்ணி நிக்காது. பாதிதான் பிடிக்கிற. அதை ஏன்டா சொல்லல?”

“என் வயித்துல பத்து லிட்டர்னு அச்சடிச்சிருக்கு. உன் மேல என்ன அச்சடிச்சிருக்கு?”

மூடியின் மேல் ஒன்றும் இல்லை. வெளுத்துப்போன காரே வாளியின் வயிற்றைப் படித்துவிட்டு, “பத்துன்னுதான் போட்டிருக்கு” என்றது.

மறுநாள் மூடி பல்லைக் கடித்துக்கொண்டு பாதி அளவுதான் ஊற்றியது. அன்று வந்த கார் கண்ணாடி மாதிரி மின்னியது.

விரிசலில் தண்ணீர் ஒழுக ஒழுக, வாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது: “பாத்தீங்களா, நேத்து நான் போட்ட சத்தத்துல மூடி வழிக்கு வந்துடுச்சு.”