பதினோரு தெரு தூரம்

ஆளில்லாத தெருவில் அந்தப் பெண்ணுக்கு நாலடி பின்னால் லீலண்ட் நடந்துகொண்டிருந்தான். அவள் நடையை எட்டிப் போட்டால் அவனும் எட்டிப் போட்டான். அவள் நின்றால் அவனும் நின்றான்.

மணி ஐந்துதான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டலூத்தில் ஜனவரி மாதம் அதற்குள் நன்றாக இருட்டிவிடும்.

"இவ்வளவு பின்னாடி வந்தீங்கன்னா, திருடன் என் பையைப் பிடுங்கிட்டு உங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போவான்" என்றாள் மார்னி, திரும்பிப் பார்க்காமலே.

"பக்கத்துல எங்க நடக்கறது? ஒரு ஆள் போற அளவுக்குத்தானே பனியை வாரி வச்சிருக்காங்க. விசில் இருக்கு, பயப்படாதீங்க."

"இந்தக் குளிர்ல அந்த இரும்பை வாயில வச்சா உதட்டோட ஒட்டிக்கும். அப்புறம் நான்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

விசில், டார்ச், அவன் போட்டிருந்த ஆரஞ்சு மேல்சட்டை எல்லாம் நகராட்சி மானியத்தில் வந்தவை. போன அக்டோபரில், கடையைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களின் பைகளை இந்த வட்டாரத்தில் யாரோ வரிசையாகப் பறித்தார்கள். வியாபாரிகள் சங்கம் மனுப் போட்டு, கடைக்காரர்களை வீடுவரை கொண்டுபோய் விடும் திட்டத்தை வாங்கி வந்தது.

துணைக்குப் போக நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று பேர் முதல் பனியோடு நின்றுவிட்டார்கள். கடைக்காரர்களும் பயம் தெளிந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பனிச்சறுக்குக் காலணிகளுக்குக் கூர் தீட்டும் கடை வைத்திருந்த மார்னி மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

லீலண்டும் தவறவில்லை. மனைவி கைசா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் ஒரு நாளில் பேசும் பேச்செல்லாம் இந்தப் பதினோரு தெருவுக்குள் முடிந்துவிடும். அதன்பின் பஸ், வீடு, சூப், படுக்கை.

இன்று அவன் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஏழு தெருவாக அதைச் சொல்ல வாயெடுத்து, வாயெடுத்து விழுங்கியிருந்தான்.

"என்ன, இன்னிக்கு வாயே திறக்கல? நாக்கும் உறைஞ்சு போச்சா?"

"மார்னி, நகராட்சியிலேருந்து லெட்டர் வந்திருக்கு. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

அவள் நின்றாள். அவனும் நின்றான்.

"மூணு மாசமா இங்க ஒரு திருட்டுகூட இல்லையாம். துறைமுகத்துப் பக்கம் நிறைய நடக்குதாம். மானியத்தை அங்க மாத்திட்டாங்க. சட்டையையும் டார்ச்சையும் நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"நாம ஒழுங்கா நடந்ததுக்கு இதுதான் பரிசா?"

"அப்படித்தான் போல."

மார்னி மறுபடி நடக்கத் தொடங்கினாள். கடைசி நான்கு தெருவும் பனி நொறுங்கும் சத்தத்திலேயே கழிந்தது.

வழக்கமான பச்சை வேலிக் கதவருகே வந்ததும் அவள் கையுறையைக் கழற்றி, பத்திரமாக வீடு சேர்ந்ததாக அவன் தினமும் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டு வாசற்படியில் மூன்று நாள் பனி கால் படாமல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

"இதை வாரக் கூடாதா? நகராட்சி அபராதம் போட்டுடும். மண்வெட்டி இருந்தாக் கொடுங்க, நான் வாரிட்டுப் போறேன்."

"வேண்டாம். நான் பின்வாசல் வழியாப் போறவ. நீங்க கிளம்புங்க, பஸ் வந்துடும்."

தினமும் இப்படித்தான். அவள் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் ஓடிப்போய் ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிப்பான். இன்று அவன் ஓடவில்லை. பஸ் வந்து, தெருமுனையில் ஒரு கணம் தயங்கி, போய்விட்டது.

"அடுத்தது முக்கால் மணி நேரம் கழிச்சுத்தானே" என்றாள் மார்னி. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பரவாயில்ல. நீங்க உள்ள போங்க. நாளையிலேருந்து தனியா வருவீங்க. இன்னிக்காவது நீங்க உள்ள போய் விளக்குப் போடறதைப் பார்த்துட்டுப் போறேன்."

அவள் நகரவில்லை.

"குளிருது. போங்க மார்னி. நீங்க இந்த இருட்டுல தனியா நடக்கணுமேங்கறதுதான் எனக்கு இப்ப கவலை."

"அது எனக்குப் பழக்கம்தான். தினமும் நடக்கறேன்."

"எப்போ? நான்தான் தினமும் கூட வர்றேனே."

"நீங்க பஸ் ஏறின பிறகு."

லீலண்டுக்குப் புரியவில்லை. "பஸ் ஏறின பிறகா? எங்க போறீங்க?"

"வீட்டுக்கு. கடை மாடியிலதான் இருக்கேன்."

அவன் இருண்ட ஜன்னல்களைப் பார்த்தான். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தான். மூன்று மாதமாக எல்லாத் தாளிலும் இந்த வீட்டு எண்தான்.

"அப்ப இது யாரு வீடு?"

மார்னி கையுறையை மெதுவாக மாட்டிக்கொண்டாள்.

"தெரியாது லீலண்ட். உங்க திட்டத்து வரைபடத்துல இதுதான் என் கடையிலேருந்து ரொம்ப தூரமான வீடு."